கிளேர்மாண்டில் ஒரு தனிக்குடித்தனம்

கல்யாணத்தை நடத்திவிடலாம், தனிக்குடித்தனம் வைப்பதுதான் கஷ்டம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கல்யாணத்திற்கு ஊர் கூடுகிறது, மேளம் கொட்டுகிறது, சம்பந்திகளைச் சமாதானப்படுத்த நாலு பேர் முன்வருகிறார்கள். தனிக்குடித்தனத்திற்கு இருப்பவர்கள் இரண்டே பேர்தான். பாலைக் காய்ச்சிக் கொடுத்து, அரிசி, பருப்பு, புளி முதலியவற்றை அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் பெண்ணின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலேறிய பிறகு, அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் விவாகம் ஆரம்பமாவது அந்த நிமிஷத்தில்தான் என்பது நம் அபிப்பிராயம்.

இந்த வாரம் நாம் சொல்லப் போவதும் ஒரு தனிக்குடித்தனத்தின் கதைதான். ஆனால் அது நடந்தது மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ அல்ல. லண்டனுக்குச் சுமார் 16 மைல் தூரத்தில், ஸர்ரே ஜில்லாவில், ஈஷர் என்னும் கிராமத்தின் அருகிலுள்ள கிளேர்மாண்ட் மாளிகையில், 1816-ம் வருஷத்தில் நடந்தது. மணமகள் இங்கிலாந்தின் வருங்கால ராணி என்று கருதப்பட்ட இளவரசி சார்லட். மணமகன் ஜெர்மனியில் ஒரு சின்னஞ்சிறு சமஸ்தானத்தின் கடைசிப் பிள்ளை, லியோபோல்டு. ஆங்கிலேய ராஜ குடும்பத்துக் கதை நமக்கு எதற்கு என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், அந்த மாளிகைக்கும் நம் சென்னைப் பட்டணத்துக்கும் இருக்கும் சம்பந்தம் தெரியவரும்.

முதலில் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். சார்லட்டின் தகப்பனார் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிவிட்டபடியால், 1811-ம் வருஷத்திலிருந்து தகப்பனாருக்குப் பதிலாக ராஜ்யபாரத்தை நடத்தியவர் இவரே. அதனால் 'ரீஜெண்ட்' என்று பெயர் பெற்றார். கடன் தொல்லை தீரவேண்டும் என்பதற்காக 1795-ல் அவர் தம் அத்தை மகளாகிய ஜெர்மன் இளவரசி கரோலினை மணந்துகொண்டார். பெண்ணை முதல் முதலில் பார்த்தவுடனேயே மனம் உடைந்து, பிராந்தி கொண்டுவரச் சொன்னார் என்பது பிரசித்தமான கதை. 1796 ஜனவரி 7-ந் தேதி சார்லட் பிறந்தாள். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அவர் ஓர் உயில் எழுதினார். அதில் மனைவிக்கு ஒரு ஷில்லிங் எழுதி வைத்தார்! வெகு சீக்கிரத்தில் தம்பதிகள் பிரிந்துவிட்டார்கள்.

இவ்வாறு, சார்லட்டுக்கு அரண்மனைகள் பல இருந்தன. வீடு என்பது மட்டும் இல்லை. உபாத்தியாயினிகள், தோழிப் பெண்கள், வேவு பார்ப்பவர்கள் இவர்கள் மத்தியில் அவள் வளர்ந்தாள். தாயாரைப் பார்ப்பதற்குக் கூடத் தகப்பனாரின் உத்தரவு வேண்டும். பெண் வளர வளரப் பிடிவாதமும் வளர்ந்தது. உரக்கச் சிரிப்பாள், தரை அதிர நடப்பாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவாள். ஓரிடத்தில் அமைதியாக உட்காரத் தெரியாது. 16 வயதில் அவள் 'ஸென்ஸ் அண்டு ஸென்ஸிபிலிடி' என்ற புதிய நாவலைப் படித்தாள். நூலாசிரியையின் பெயர் கூட அதில் அச்சிடப்படவில்லை. 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டுமே போட்டிருந்தது. அதில் உணர்ச்சி வேகத்தில் அடித்துச் செல்லப்படும் மேரியன் என்ற பெண்ணின் சுபாவமும் தன் சுபாவமும் ஒன்றே என்று சார்லட் தன் தோழிக்கு எழுதினாள். 'ஒரு சீமாட்டி' என்பவர் ஜேன் ஆஸ்டின் அம்மையார்தான் என்பது பின்னால் உலகத்துக்குத் தெரிந்தது.

ஹாலந்து தேசத்து இளவரசனுக்கு அவளைக் கொடுப்பதென்று தகப்பனார் நிச்சயம் செய்தார். சார்லட் முதலில் இசைந்தாள். பிறகு, கல்யாணத்திற்குப் பின் தான் சொந்த நாட்டை விட்டு ஹாலந்தில் போய் வசிக்கவேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, 1814-ல் அந்த நிச்சயதார்த்தத்தை முறித்துவிட்டாள். தகப்பனார் வெகுண்டெழுந்தார். அவளுடைய பரிவாரங்களை எல்லாம் கலைத்துவிட்டு அவளை லண்டனை விட்டு அனுப்பிவிடப்போவதாகச் சொன்னார். இளவரசி என்ன செய்தாள், தெரியுமா? மாடிப்படி இறங்கி வீதிக்கு ஓடி, ஒரு வாடகை வண்டியை அமர்த்திக்கொண்டு தாயார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்! ஆனால் அந்தத் தாயாரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. மறு நாளே திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் தாயாரும் இங்கிலாந்தை விட்டே போய்விட்டாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் சந்திக்கவேயில்லை.

இனி, மாப்பிள்ளையைப் பற்றி. லியோபோல்டு ஸாக்ஸ்-கோபர்க் வம்சத்தைச் சேர்ந்தவர். நெப்போலியனுடைய யுத்தங்களில் அவர்களுடைய சின்ன சமஸ்தானம் சின்னாபின்னமாகிவிட்டது. இளைஞர் ரஷ்யப் படையில் சேர்ந்து சண்டையிட்டார். 1814-ல் நேசதேச மன்னர்கள் லண்டனுக்கு விஜயம் செய்தபோது அவரும் வந்தார். மற்றவர்கள் பெரிய பெரிய ஹோட்டல்களில் இறங்க, இவர் மளிகைக்கடை ஒன்றின் மாடியில் அறை எடுத்துக்கொண்டு தங்கினார். கையில் காசு குறைவு. ஆனால் நல்ல அழகர், நிதானமானவர், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறவர். ஓயாத கடல் அலை போன்ற சார்லட், கரையில் நிற்கும் கல் போன்ற இந்த மனிதரைக் கணவராக வரித்தாள்.

1816 மே 2-ந் தேதி இரவு 9 மணிக்கு, ரீஜெண்டின் கார்ல்டன் மாளிகையில் விவாகம் நடந்தது. பெண்ணுக்கு வயது 20, மாப்பிள்ளைக்கு 25. வெள்ளிச் சரிகை பளபளக்கும் உடுப்பு, வைரங்கள், வீதியெல்லாம் ஜனக்கூட்டம். ஆங்கிலேயர் விவாகச் சடங்கில், தம் ஆஸ்தி முழுவதையும் மனைவிக்கு அளிப்பதாக மணமகன் பிரமாணம் செய்யும் கட்டம் ஒன்று உண்டு. ஆஸ்தியே இல்லாத லியோபோல்டு அதைப் பரம கம்பீரமாகச் சொன்னபோது மணமகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று சொல்வார்கள். நம்மவர்கள் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது. பார்லிமெண்டு தம்பதிகளுக்கு வருஷம் 60 ஆயிரம் பவுன் மானியம் விதித்தது. மனைவி இறந்துபோனால் கணவருக்கு ஆயுள் பரியந்தம் வருஷம் 50 ஆயிரம் பவுன் என்றும் சட்டம் செய்து வைத்தது. அந்த இரண்டாவது ஷரத்து அவ்வளவு சீக்கிரத்தில் வேண்டியிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை.

கல்யாணமான கையோடு தம்பதிகள் சிற்றப்பா யார்க் கோமகனுக்குச் சொந்தமான ஓட்லண்ட்ஸ் மாளிகைக்குச் சென்றார்கள். அங்கே கோமகளுக்கு நாய்கள் என்றால் உயிர். கணக்கில்லாத நாய்களும் பறவைகளும் வளர்ந்த அந்த வீட்டின் நாற்றம் பொறுக்க முடியவில்லை என்று புது மணப்பெண் கடிதத்தில் முறையிட்டிருக்கிறாள்! ராஜ குடும்பமானால் என்ன? புதுத் தம்பதிகள் உறவினர் வீட்டில் தங்கினால் படும் அவஸ்தை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும். ஆகையால், அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், பார்லிமெண்டு வாங்கிக் கொடுத்த கிளேர்மாண்டில் அவர்கள் குடி புகுந்தபோது சார்லட்டுக்கு உண்டான ஆனந்தத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிறந்தது முதல் அவளுக்கென்று வாய்த்த முதல் வீடு அது.

அந்த வீடு யார் கட்டிய வீடு? இங்கேதான் நம்முடைய சம்பந்தம் வருகிறது.

1744-ல் ஒரு பதினெட்டு வயதுப் பையன் கிழக்கிந்தியக் கும்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். அவன் பெயர் ராபர்ட் கிளைவ். 1751-ல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு முற்றுகையைச் சமாளித்தான், பெயர் பரவிற்று. 1753 பிப்ரவரியில், கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி மாதா கோயிலில் மார்கரெட் மாஸ்கெலின் என்ற பெண்ணை விவாகம் செய்துகொண்டான். அந்தக் கோயில் இன்றைக்கும் சென்னைக் கோட்டைக்குள் இருக்கிறது. 1757-ல் பிளாசி. அங்கே வென்ற பிறகு புதிய நவாபு மீர் ஜாபர் கிளைவுக்கு வாரிக் கொடுத்த தொகை 2 லட்சத்து 34 ஆயிரம் பவுன். அது போக, வருஷத்துக்குச் சுமார் 27 ஆயிரம் பவுன் வருகிற ஜாகீர் வேறு. இந்தப் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய கிளைவ் பிரபு, நியூகாஸில் கோமகன் இறந்த பிறகு கிளேர்மாண்ட் நிலத்தை வாங்கினார். பழைய மாளிகை ஈரமான பள்ளத்தில் இருக்கிறது என்று அதை இடித்துத் தள்ளினார். தோட்டக் கலையில் பேர்போன பிரவுன் என்பவரைக் கொண்டு, 1769-ல் தொடங்கி, மேட்டு நிலத்தில் புதிய மாளிகை ஒன்றை எழுப்பினார். அடித்தளத்தில் பிரபு ஸ்நானம் செய்வதற்குப் பளிங்குத் தொட்டி கூடக் கட்டப்பட்டது.

சீமையில் கிளேர்மாண்டுக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் வங்காளத்தில் என்ன நடந்தது? 1769-லும் 1770-லும் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் தாண்டவமாடியது. கும்பெனியார் வரி வசூலை மட்டும் விடவில்லை. வங்காளத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டார்கள் என்று கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-ல் எழுதினார். கிளைவ் அப்போது இந்தியாவில் இல்லை, 1767-லேயே போய்விட்டார். ஆனால் அவர் ஏற்றி வைத்த பாரம் அந்த ஜனங்களின் முதுகில்தான் இருந்தது. கிளேர்மாண்டைச் சுற்றியிருந்த ஆங்கிலேயக் குடியானவர்களுக்கும் ஏதோ ஒரு பயம் இருந்திருக்கிறது. அந்தப் பொல்லாத பிரபு சுவர்களை இவ்வளவு கனமாகக் கட்டச் சொல்வது பிசாசு உள்ளே வந்து தம்மைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதற்காகத்தான் என்று அவர்கள் ரகசியமாகப் பேசிக்கொண்டார்களாம். இதை எழுதி வைத்தவர் மெக்காலே. கிளைவின் பெருமையைப் பாடியவர்தான்! 1774 நவம்பரில் கிளைவ் லண்டன் வீட்டில் இறந்துபோனார். ஆசை ஆசையாகக் கட்டிய மாளிகையில் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு மாளிகை கை மாறிக் கை மாறி, ஜமேய்க்காத் தீவில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடத்திய சார்லஸ் எல்லிஸ் என்பவரிடம் வந்தது. அவரிடமிருந்துதான் 1816-ல் அது இளவரசிக்கு வாங்கப்பட்டது.

இந்தப் பாவக் கணக்கில் இருபது வயதுச் சார்லட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆகையால் மறுபடியும் தம்பதிகளிடம் திரும்புவோம்.

லியோபோல்டின் வைத்தியராக வந்த ஸ்டாக்மர் என்னும் ஜெர்மானியர் ஒருவர் அந்த வீட்டில் வசித்தார். கூர்மையான கண் படைத்த அவர் அங்கே கண்டவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். சமாதானமும் அன்பும் குடிகொண்ட வீடு அது என்பது அவர் அளித்த நற்சாட்சிப் பத்திரம். அன்றாட வாழ்க்கை மிகவும் எளிது. பகலில் தோட்டத்தில் கைகோத்து உலாவுவார்கள். வண்டியில் சவாரி போவார்கள். ராத்திரி போஜனத்துக்குப் பிறகு பியானோவின் முன்பு உட்கார்ந்து இருவரும் சேர்ந்து பாடுவார்கள். லண்டன் விருந்துகளுக்கு எவ்வளவு அழைப்பு வந்தாலும் கூடியவரையில் தட்டிக் கழித்தார்கள். தகப்பனாரின் அரண்மனையில் விடிய விடிய நடந்த கேளிக்கைகளைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, மாலையில் விளக்கேற்றியதும் கணவருடன் அடக்கமாக உட்கார்ந்திருப்பதே பெரிய கேளிக்கையாக இருந்தது.

அவர்களுக்குள் சண்டையே இல்லையா என்று கேட்டால், சண்டை போடத் தெரிந்தவள் சார்லட். அவள் குரல் உயரும்போதும், வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வரும்போதும், லியோபோல்டு அவள் பக்கம் குனிந்து பிரெஞ்சு பாஷையில் 'மெல்ல, மெல்ல' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அந்தப் பிரெஞ்சு வார்த்தை 'டூஸ்மான்' என்பது. நாளடைவில் சார்லட் தன் கணவருக்கே 'டூஸ்மான்' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டாள்! நாம் இந்த வரலாற்றைப் படித்தபோது மிகவும் ரசித்த இடம் இதுதான். கணவர் திருத்துகிறார், மனைவி கோபித்துக்கொள்ளவும் இல்லை, தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை. அந்தத் திருத்தத்தையே பரிகாசமாக்கி அவர் தலையில் சூட்டிவிட்டாள். இப்படிப்பட்ட இடத்தில் கண்டிப்பும் உறைக்காது, பரிகாசமும் புண்படுத்தாது. நம் நாட்டில் மனைவிமார்களைத் திருத்துவதற்கென்றே பிறந்தவர்களாகத் தங்களை நினைத்துக்கொண்டிருக்கும் வாலிபர்கள், லியோபோல்டு எத்தனை வார்த்தை உபயோகித்தார் என்பதை எண்ணிப் பார்ப்பது நலம்.

மற்றொரு வேடிக்கையையும் இங்கே சொல்லவேண்டும். ரீஜெண்டின் புத்தகசாலையைக் கவனித்து வந்த கிளார்க் என்ற பாதிரியார், 1816 மார்ச்சு மாதத்தில், ஜேன் ஆஸ்டின் அம்மையாருக்கு ஒரு யோசனை எழுதினார். இளவரசியின் கல்யாணம் நடக்கப்போகிற சமயம் ஆயிற்றே. கோபர்க் ராஜ வம்சத்தின் பெருமையை விளக்கிச் சரித்திர நவீனம் ஒன்று எழுதினால் என்ன என்பது யோசனை. அம்மையார் மிகவும் மரியாதையாக மறுத்துவிட்டார். கிராமத்துக் குடும்பங்களின் வீட்டு வாழ்க்கையை எழுதத்தான் தமக்குத் தெரியும், ராஜ வம்சத்துக் காவியமெல்லாம் தம்மால் முடியாது என்று பதில் எழுதினார். இதில் அதிசயம் என்னவென்றால், அந்தக் கோபர்க் இளவரசரும் அவருடைய மனைவியும் சில மாதங்களில் தேடிக்கொண்டது அம்மையார் எழுதிய அதே கிராமத்து வீட்டு வாழ்க்கையைத்தான்!

ஆனால் கிளேர்மாண்டின் வேலிக்கு வெளியே நாடு சந்தோஷமாக இல்லை. நெப்போலியனுடன் நடந்த யுத்தம் 1815-ல் முடிந்து, சிப்பாய்கள் வேலையில்லாமல் திரும்பினார்கள். 1816-ல் கோடைக்காலமே வரவில்லை, பயிர் அழுகிற்று, ரொட்டி விலை ஏறிற்று. ஏழை ஜனங்கள் ரீஜெண்டை வெறுத்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை இந்தப் பெண்தான். இவள் ராணியானால் நல்ல காலம் பிறக்கும் என்று நினைத்தார்கள். 1817-ம் வருஷத்து வசந்த காலத்தில் இளவரசி கர்ப்பமாயிருக்கிறாள் என்ற செய்தி வெளியானபோது தேசம் முழுவதும் மகிழ்ச்சி பொங்கியது.

நம் வீடுகளில் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறோம். வளைகாப்பு, சீமந்தம் என்று சுற்றத்தார் கூடுகிறார்கள். இவற்றைப் பழைய சம்பிரதாயம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. பயந்து நடுங்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில், அந்தப் பயத்தைத் தானும் அனுபவித்த இன்னொருத்தி இருக்கவேண்டும் என்பதுதான் அந்தச் சம்பிரதாயத்தின் உட்கருத்து. சார்லட்டுக்கு என்ன இருந்தது? தாயார் இத்தாலியில் இருந்தாள். பாட்டியாகிய ராணி பாத் நகரத்துக்குப் போயிருந்தாள். தகப்பனார் ஸபோக் ஜில்லாவில் நண்பர் வீட்டுக்கு வேட்டையாடப் போயிருந்தார். வைத்தியர்கள் மட்டும் குறைவில்லாமல் இருந்தார்கள். பிரசவத்துக்குப் பொறுப்பேற்ற ஸர் ரிச்சர்ட் கிராப்ட் அந்தக் காலத்து வைத்திய சாஸ்திரப்படி இளவரசிக்கு ஆகாரத்தைக் குறைத்தார். ரத்தத்தை அடிக்கடி வெளியேற்றினார். நன்றாக உண்டு திரிந்த பெண் இளைத்துச் சோர்ந்துபோனாள். ஸ்டாக்மருக்கு இது சரியென்று படவில்லை. ஆனால் தாம் அன்னிய நாட்டார். ஏதாவது நேர்ந்தால் பழி தம் தலையில் விழும் என்று அஞ்சி இளவரசியின் வைத்தியத்தில் கலந்துகொள்ளாமல் விலகி நின்றார்.

அக்டோபரில் பிரபல சித்திரக்காரர் ஸர் தாமஸ் லாரன்ஸ் கிளேர்மாண்டுக்கு வந்து சில தினங்கள் தங்கி இளவரசியின் படத்தை எழுதினார். டிசம்பர் 16-ந் தேதி கணவருடைய பிறந்தநாளுக்குப் பரிசாக அந்தப் படத்தைக் கொடுக்கவேண்டும் என்பது அவள் எண்ணம்.

நவம்பர் 3-ந் தேதி மாலை வலி கண்டது. அடுத்த அறையில், ராஜ வாரிசின் பிறப்புக்குச் சாட்சியாக மந்திரிகளும் மதகுருமார்களும் காத்திருந்தார்கள். ஒரு பகல் சென்றது. ஓர் இரவு சென்றது. மறு பகலும் சென்றது. ஆயுதம் உபயோகிக்கக் கிராப்டுக்கு மனம் வரவில்லை. இயற்கை தன் வேலையைச் செய்யட்டும் என்று இருந்தார். 50 மணி நேரத்துக்குப் பிறகு, 5-ந் தேதி இரவு 9 மணிக்கு, அழகான ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. சார்லட் அதைத் தைரியமாகவே ஏற்றுக்கொண்டாள். அத்தனை நேரமும் மனைவியின் பக்கத்தை விட்டு அகலாதிருந்த லியோபோல்டு அபின் கலந்த மருந்தைச் சாப்பிட்டுப் படுத்தார். நள்ளிரவுக்குப் பிறகு இளவரசியின் நிலைமை திடீரென்று மாறிற்று. அதுவரை விலகியிருந்த ஸ்டாக்மரை அப்போதுதான் அழைத்தார்கள். அவர் கையைச் சார்லட் இறுகப் பற்றிக்கொண்டாள். கணவரை எழுப்ப அவர் ஓடினார். மருந்தின் மயக்கத்திலிருந்து அவரை எளிதில் எழுப்ப முடியவில்லை. 1817 நவம்பர் 6-ந் தேதி அதிகாலை இரண்டரை மணி சுமாருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வயது 21. கிளேர்மாண்டில் அவர்கள் நடத்திய தனிக்குடித்தனம் பதினைந்து மாதங்கள் கூட நிரம்பவில்லை.

நாடு முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது. கடைகளில் கறுப்புத் துணி கிடைக்காமல் போயிற்று. பெற்ற தாய்க்கு முறையாகச் செய்தி அனுப்பக் கூட யாருக்கும் தோன்றவில்லை. வேறு அலுவலாக இத்தாலி வழியே சென்ற ஒரு தூதன் மூலமாகத்தான் தன் மகள் இறந்துவிட்டாள் என்பதைக் கரோலின் அறிந்தாள். மூன்று மாதம் கழித்து, வேறொரு பிரசவத்துக்குப் போன இடத்தில், ஸர் ரிச்சர்ட் கிராப்ட் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். லாரன்ஸ் எழுதி முடித்த படம் டிசம்பர் மாதத்தில், லியோபோல்டின் பிறந்தநாளுக்கு, கிளேர்மாண்டுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கொடுக்க வேண்டியவள் இல்லை.

இந்தத் துக்கத்தின் நடுவில் ஒரே ஒரு குரல் வேறு விதமாகக் கேட்டது. சார்லட் இறந்த மறுநாள், நவம்பர் 7-ந் தேதி, டெர்பி நகரத்தில் மூன்று ஏழைத் தொழிலாளிகள் ராஜத்துரோகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். பிறகு அவர்களுடைய தலைகளும் வெட்டப்பட்டன. பஞ்சத்தின் கொடுமையில் கலகத்துக்குக் கிளம்பியவர்கள் அவர்கள். அரசாங்கத்தின் ஒற்றனே அவர்களைத் தூண்டிவிட்டான். கவி ஷெல்லி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். இளவரசிக்காக அழுவது சரிதான். ஆனால் இந்த மூன்று பேருடைய மனைவி மக்களுக்காக அழுவது யார் என்று கேட்டார். பிரசவத்தில் ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்காக மடிகிறார்களே, அவர்களும் யாரோ ஒருவருக்குக் கண்மணிகள் அல்லவா என்றும் கேட்டார். ஷெல்லியின் கேள்வி நமக்கும் நியாயமாகவே படுகிறது. கிளேர்மாண்டில் இறந்துபோன பெண்ணுக்காக நம் கண்ணில் நீர் வரட்டும். ஆனால் அந்த வீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டினியில் மாண்ட வங்காளத்துத் தாய்மார்களுக்குச் சித்திரக்காரரும் வரவில்லை. சரித்திரக்காரரும் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை.

கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நேரான வாரிசு அற்றுப்போனதும் ரீஜெண்டின் தம்பிமார்கள் நடுத்தர வயதில் அவசரம் அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கெண்ட் கோமகன் 1818-ல் லியோபோல்டின் சகோதரியையே மணந்தார். 1819 மே 24-ந் தேதி அவர்களுக்குப் பிறந்த பெண்தான் விக்டோரியா. குழந்தைப் பருவத்தில் விக்டோரியா மாமாவைப் பார்க்கக் கிளேர்மாண்டுக்கு வந்து விளையாடியதுண்டு. அவளை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று டில்லி தர்பாரில் 1877 ஜனவரி 1-ந் தேதி பிரகடனம் செய்தார்கள். அன்றைய தினம் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்ட குடும்பங்கள் உண்டு. அதுதான் தாது வருஷப் பஞ்சம். ஒரு பஞ்சத்தின் காலத்தில் எழும்பிய வீட்டில் ஒரு பெண் இறந்தாள். அவள் இடத்துக்கு வந்தவள் மற்றொரு பஞ்சத்தின் காலத்தில் நமக்குச் சக்கரவர்த்தினியானாள். சார்லட் பிழைத்திருந்தால் நமக்கு நல்ல காலம் பிறந்திருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. நம்முடைய நல்ல காலம் எந்த அரண்மனைப் பிரசவ அறையிலும் பிறக்கக் கூடியதல்ல என்பதை உணர்ந்து 1947 வரையில் பாடுபட்ட தலைமுறையை வணங்குகிறோம், அவ்வளவுதான்.

லியோபோல்டு பல வருஷங்கள் கிளேர்மாண்டிலேயே வசித்தார். தோட்டத்தில் சார்லட்டுக்கு ஓய்விடமாக இருக்கட்டும் என்று ஆரம்பித்த சிறு மண்டபத்தை அவளுடைய ஞாபகச் சின்னமாக மாற்றினார். 1831-ல் பெல்ஜியம் தேசத்தார் அவரைத் தங்கள் அரசராக்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் பிரெஞ்சு மன்னரின் மகளை மறுமணம் செய்துகொண்டார். 1840-ல் பிறந்த பெண் குழந்தைக்குச் சார்லட் என்றே பெயர் வைத்தார். 'மெல்ல, மெல்ல' என்று சொல்வதற்கு ஆள் இல்லாமல் போன இருபத்துமூன்று வருஷங்களுக்குப் பிறகும் அந்தப் பெயரை வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது!

கிளைவ் கட்டிய மாளிகையில் இன்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. தோட்டம் 1949-ல் பொதுச் சொத்தாகி, யார் வேண்டுமானாலும் சென்று பார்க்கும்படி இருக்கிறது. நேயர்களில் யாராவது சீமைக்குப் போனால், அந்த ஏரிக்கரையில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வங்காளத்தின் வயிற்றில் அடித்த காசை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கூடவே, தாயின் கை பக்கத்தில் இல்லாமல் போன அந்த இருபத்தொரு வயதுப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீமைக்குப் போகாத நாம் இங்கிருந்தபடியே செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண் புதுக்குடித்தனத்திலிருந்து எழுதும் கடிதத்துக்கு அன்றைய தபாலிலேயே பதில் எழுதுவோம். அவள் வரச்சொல்லிக் கூப்பிட்டால் மறு ரயிலுக்குப் புறப்படுவோம்.